மீனும் தாய்ப்பாலும்

"மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்க வேண்டுமா?" என்று நம்மவர்கள் கேட்பது வழக்கம். கேள்வி என்னவோ பிறவித் திறமையைப் பற்றியதுதான். ஆனால் அதற்குள் மீன் ஜாதியைப் பற்றிய ஓர் அபிப்பிராயமும் ஒளிந்துகொண்டிருக்கிறது. மீனுக்குத் தாய் தகப்பன் என்ற பந்தம் கிடையாது. முட்டையை இட்டுவிட்டுத் தாய் தன் வழியே போய்விடும். குஞ்சு பொரிந்ததும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதே அது. பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரையில் இது உண்மையும்கூட.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் நம்மிடம் உண்டு. பறவை தன் குஞ்சைத் தொட்டு வளர்க்கும், ஆமை நினைத்து வளர்க்கும், மீன் பார்த்து வளர்க்கும் என்பார்கள். குருவின் அருள் சீடனை எவ்வாறு எட்டுகிறது என்று விளக்குவதற்காகப் பெரியவர்கள் சொல்லி வந்த உவமை இது. மதுரையில் அம்பிகைக்கு மீனாட்சி என்று பெயர் வந்ததற்கு இதையே காரணமாகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். மீன் கண்ணாலேயே பிள்ளை வளர்ப்பதுபோல அவளும் உலகத்தைக் கண்ணாலேயே காக்கிறாளாம்.

ஆக, மீனைத் தாயற்ற ஜீவன் என்றும் நாமே சொல்லுகிறோம்; தாய்மைக்கு உதாரணம் என்றும் நாமே சொல்லுகிறோம். இரண்டில் எது சரி என்று ஆராய்ந்தவர்கள் நம்மில் அதிகம் இல்லை. நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த வழக்கில் ஒரு விசித்திரமான சாட்சியம் எனக்கு அகப்பட்டது. அது டிஸ்கஸ் என்ற மீனின் சரித்திரம். தென் அமெரிக்காவில் பிறந்து, வியன்னாவில் பெயர் பெற்று, இன்றைக்குக் கொளத்தூரிலும் செங்குன்றத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் வீட்டு அறைகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும் மீன் அது.

முதலில் அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தோசையைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் சின்ன வாயையும் சிவந்த கண்ணையும் வைத்ததுபோல் இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் அகலம். வேகமாக ஓடாது. கோயில் யானை வீதியில் வருவதுபோல நிதானமாக வரும், திரும்பும், நிற்கும். வளர்ப்பு மீன்களுக்குள் இதை ராஜா என்று சொல்லுவதற்கு நிறத்தைவிட இந்த நடைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1817-ல் ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினாவுக்கும் போர்த்துகல் இளவரசருக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண் பிரேஸிலுக்குக் கப்பலேறியபோது, அந்த நாட்டின் மிருகங்களையும் செடிகொடிகளையும் ஆராய்வதற்காக ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கூட்டமும் போயிற்று. அதில் ஒருவர் யோஹான் நாட்டரர். மற்றவர்கள் சில வருஷங்களில் ஊர் திரும்ப, இவர் மட்டும் 18 வருஷங்கள் அங்கேயே அலைந்தார். 1835-ல் திரும்பும்வரை அவர் சேர்த்து அனுப்பிய பறவைகளும் மீன்களும் வியன்னா மியூஸியத்தில் மலைபோலக் குவிந்தன. அவற்றில் அமேசானின் கிளையான நீக்ரோ நதியில் பிடித்த ஒரு வட்ட மீனும் இருந்தது.

மியூஸியத்தில் இருந்த யோஹான் ஹெக்கல் என்ற பண்டிதர் 1840-ல் அதற்குச் சிம்பைஸோடான் டிஸ்கஸ் என்று பெயரிட்டார். முன்பாதி அதன் பல்வரிசையைக் குறிப்பது. பின்பாதி விளையாட்டுப் பந்தயத்தில் வீசும் வட்டத் தட்டைக் குறிப்பது. ஹெக்கல் பிரேஸிலுக்குப் போனவர் அல்லர். சாராயத்தில் ஊறிய பிரேதத்தை வைத்துக்கொண்டு பல்லையும் முள்ளையும் செதிலையும் எண்ணினார். எண்ணியது சரியாகவே இருந்தது. ஆனால் அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி அதன் பல்லிலும் இல்லை, முள்ளிலும் இல்லை. உயிரோடு இருந்து, குஞ்சும் பொரித்த பிறகுதான் அது வெளிப்படும். அதற்கு இன்னும் நூறு வருஷங்களுக்குமேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1904-ல் பாரிஸில் ஜாக் பெல்லெக்ரின் என்பவர் இதன் இன்னொரு வகையை வர்ணித்தார். அதுவும் பிரேதம்தான். 1930-களில்தான் உயிர் மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கணிசமாக வரத் தொடங்கின. வந்தவை வெகு சீக்கிரம் செத்தன. பிழைத்தவை முட்டையிட்டபோது வளர்த்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு காரியம் செய்தார்கள். டிஸ்கஸுக்கு உறவான ஏஞ்சல் மீன் விஷயத்தில் அவர்களுக்குப் பழக்கமான காரியம் அது. தாயும் தகப்பனும் முட்டையைத் தின்றுவிடுமே என்று பயந்து, முட்டையைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் காற்றுக் குமிழி விட்டுப் பொரிக்க வைத்தார்கள். ஏஞ்சல் குஞ்சுகள் இப்படித்தான் லட்சக்கணக்கில் வளர்ந்தன.

டிஸ்கஸ் முட்டையும் பொரிந்தது. குஞ்சுகள் நீந்தின. ஏஞ்சல் குஞ்சு ஆசையோடு தின்னும் நுண்ணுயிர்களை இவற்றுக்கும் கொடுத்தார்கள். இவை தின்னவில்லை. எதையோ தேடுவதுபோலத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சில நாட்களில் செத்துப் போயின. தண்ணீரைச் சந்தேகித்தார்கள், தீனியைச் சந்தேகித்தார்கள், வெளிச்சத்தைச் சந்தேகித்தார்கள். குஞ்சுகள் எதைத் தேடின என்று மட்டும் நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

தாய் தகப்பனோடு குஞ்சுகளை விட்டுப் பார்த்தவர்களின் தொட்டியில்தான் ரகசியம் உடைந்தது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் நேரே பெற்றோரின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டன. அங்கே மேல்தோலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்திக் கொத்தித் தின்றன. தாய் சற்று நேரம் கொடுக்கும். பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி விலகும். குஞ்சுகள் மொத்தமாகத் தகப்பனிடம் தாவும். தகப்பனும் அப்படியே கொடுக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராய்ந்துவந்த ஹில்டெமான் என்ற விஞ்ஞானி 1959-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் மே மாதத்து நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையில் ஜீன் உல்ஃப்ஷைமர் படங்களோடு அதை உலகத்துக்கு வெளியிட்டார். 120 வருஷங்களாகப் பெயர் மட்டும் தெரிந்திருந்த மீனுக்குத் தாய்மையும் உண்டு என்று அப்போதுதான் பொதுஜனங்களுக்குத் தெரிந்தது.

இதை வெறும் வழவழப்பு என்று தள்ளிவிட முடியாது. 2010-ல் இங்கிலாந்தில் ப்ளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அதைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். முட்டையிடும் காலத்தில் அதில் புரதமும், நோயைத் தடுக்கும் பொருள்களும் ஏறிவிடுகின்றன. குஞ்சு தானாகத் தின்னக் கற்றுக்கொண்டபின் குறைகின்றன. முதல் இரண்டு வாரங்கள் பெற்றோர் தடையின்றிக் கொடுக்கின்றன. மூன்றாவது வாரம் வந்ததும் குஞ்சுகளை விட்டு விலகி விலகிப் போகின்றன. பால்குடி மறக்கடிப்பதற்கு நம் வீட்டுப் பெண்கள் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வார்களே, அந்தக் காரியத்தைத்தான் மீன் வேறு மாதிரி செய்கிறது. பசுவுக்கும் மனுஷிக்கும் உரியது என்று நாம் நினைத்த ஏற்பாடு மீனிலும் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே தகப்பனுக்கும் பால் சுரக்கிறது!

அமேசானைப் பார்த்து ஆச்சரியப்படுகிற நாம் நம்முடைய வாசலையும் சற்றுப் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. கடலும் ஆறும் கலக்கிற அந்த உப்புநீரில், மலையாளத்தார் கரிமீன் என்று கொண்டாடுகிற மீன் அகப்படுகிறது. அதன் தம்பிபோல, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த சின்ன மீன் ஒன்றும் தென்னிந்தியக் கழிமுகங்களில் உண்டு. அதை அவர்கள் பள்ளத்தி என்பார்கள். கரிமீனுக்கு 1790-லும் பள்ளத்திக்கு 1795-லும் சாஸ்திரப் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான ப்ளாக். இவை இரண்டும் டிஸ்கஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கும் குடும்பம் அது. பூமியின் கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்து உறவா, பிற்பாடு கடல் தாண்டிப் போன உறவா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அது எப்படியிருந்தாலும், 1967-ல் வார்டு, பார்லோ என்ற இருவர் பள்ளத்தியின் குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை உரசி உரசி வழவழப்பைத் தின்பதை விவரித்து எழுதினார்கள். டிஸ்கஸ் அளவுக்கு அதையே நம்பிப் பிழைப்பவை அல்ல. ஆனால் வழக்கம் அதே வழக்கம். நம் கழிமுகத்தில் யுகயுகமாக நடந்துகொண்டிருந்த காரியம்! கரையில் நின்று வலை வீசிய நம் மூதாதையர் யாரேனும் தெளிந்த நீரில் அதைப் பார்த்திருக்கக் கூடும். மீன் பிள்ளையைப் பார்த்து வளர்க்கிறது என்ற பேச்சு அப்படித்தான் பிறந்ததோ என்னவோ என்று கதைக்காரன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆசை. அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

மீனைத் தின்பதற்கு அல்லாமல் பார்ப்பதற்காக வளர்க்கும் பழக்கம் சென்னையில் எப்படி வேரூன்றியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை ஒன்று திறந்தார்கள். மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஆரம்பித்து வைத்த முயற்சி அது. கண்ணாடிக்குப் பின்னால் மீன் நீந்துவதைச் சென்னை ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. ஆனால் கண்ணாடித் தொட்டி ஆசை மூடப்படவில்லை. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டில், பழைய புஸ்தகங்களுக்கும் புறாக் கூண்டுகளுக்கும் நடுவே, வண்ண மீன்களும் விற்றன. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு மீனை வாங்கிக்கொண்டு டிராமிலும் பஸ்ஸிலும் வீடு போன பையன்கள் எத்தனையோ பேர். 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று.

அதற்குள் நகரத்தின் வடமேற்கே, பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் கொளத்தூரில், மீன் வளர்ப்பு குடிசைத் தொழிலாக வேர் விட்டிருந்தது. ரெட்டேரியும் புழல் ஏரியும் பக்கத்தில், நிலத்தடியில் தண்ணீர், காலி மனைகள் ஏராளம். சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் தங்க மீனும் சண்டை மீனும் வளர்த்தார்கள். நகரம் வளர வளர, மனை விலை ஏற ஏற, தொட்டிகள் வடக்கே நகர்ந்தன. செங்குன்றம், பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் என்று 1997-ல் தனி மாவட்டமான திருவள்ளூர் முழுவதும் பரவின. மாதவரத்தில் இதற்கென்று ஆராய்ச்சிப் பூங்காவும் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் வந்தன. கொளத்தூரில் கடைகள் மிஞ்சின. பிராண வாயு நிரப்பிய பாலிதீன் பைகளில் அடைபட்டு, ராத்திரி ரயிலில் மீன்கள் வடக்கே போகின்றன. 2017-ல் மத்திய அரசாங்கம் வளர்ப்பு மீன் வியாபாரத்துக்குக் கடுமையான விதிகள் போட்டபோது, இந்தத் தெருக்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுத்த மாதச் சோற்றுக்குக் கவலைப்பட்டன. அந்த விதிகள் பின்னால் கைவிடப்பட்டன.

இந்தக் கூட்டத்தில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கப்பி, வீட்டுக்கு வந்த மருமகள்போல, எந்தத் தண்ணீருக்கும் இணங்கிப் போகும். டிஸ்கஸ் இணங்காது. அதன் நீக்ரோ நதி, உதிர்ந்த இலைகள் ஊறிக் கறுத்த, உப்பே இல்லாத மென்மையான நீர். நம்முடைய ஆழ்குழாய்த் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளை படிய வைக்கும் தண்ணீர். இதில் பெரிய மீன் ஒருவாறு உயிர் வாழும். ஆனால் முட்டை சரியாகக் கருக்கட்டாது. அதனால் சுத்திகரிப்பு இயந்திரத்து நீரையோ மழைநீரையோ கலக்கிறார்கள். நாட்டு வாதுமை இலையை ஊறப்போட்டுத் தண்ணீரைத் தேநீர் நிறமாக்குகிறார்கள். சூடு 28 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தினமும் கழிவை உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும்.

ஜோடி சேர்ப்பது அதைவிடச் சிரமம். ஆண் எது பெண் எது என்று அனுபவஸ்தர்களுக்கே எளிதில் தெரியாது. ஆகவே அரை டஜன் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை பெரிதாகித் தாமே ஜோடி சேரும்வரை ஒரு வருஷமோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்கள். ஜாதகம் பார்த்துப் பொருத்தும் வேலை இங்கே பலிக்காது. ஜோடி சேர்ந்தால் தொட்டியில் ஒரு மண் கூம்பை நிறுத்துவார்கள். இரண்டுமாக அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, நூறு, இருநூறு முட்டைகளை வரிசையாக ஒட்டும். இரண்டரை நாளில் பொரியும். இன்னும் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு துடிக்கும். பிறகு ஒரு காலை வேளையில் கிளம்பும். அப்போது அவை தாயைக் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்வா சாவா என்பது அந்த ஒரு பொழுதில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சம்பளம் போதாததற்கு வீட்டின் பின்னறையில் பதினோரு தொட்டி வைத்திருக்கிறார். தொட்டி அவருடையது என்று சொன்னேனே தவிர, வித்தை அவருடைய மனைவியினுடையது. ஆலைச் சங்கு ஊதினால் அவர் போய்விடுவார். மீனுக்குப் பசி ஷிப்டு பார்த்து வருவதில்லை. ஒருநாள் அந்த அம்மாள் எனக்கு இரண்டு தொட்டிகளைக் காட்டினார். ஒன்றில் ஆரஞ்சுப் பழ நிறத்தில் ஜொலிக்கும் ஜோடி. மற்றதில் மண் நிறத்தில் கோடு விழுந்த ஜோடி.

"எது அழகு சொல்லுங்க அண்ணா?" என்றார்.

நான் ஆரஞ்சைக் காட்டினேன்.

"எல்லாரும் அதைத்தான் காட்டுவாங்க. ஆனா இதுக்குப் பிள்ளை வளர்க்க முடியாது. இது கறுக்காது, அதுதான் தொல்லை."

"கறுக்காவிட்டால் என்னம்மா?"

"குஞ்சு கிளம்புற நேரத்துல அம்மாவும் அப்பாவும் உடம்பைக் கறுப்பாக்கிக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் குஞ்சு வந்து ஒட்டும். இது மாறவே மாறாது. குஞ்சு என்ன பண்ணும்? ஹீட்டர் கறுப்பா இருக்கில்ல, அதை அம்மான்னு நெனச்சிக்கிட்டு எல்லாம் அங்கே போயி நிக்கும். அங்கே என்ன கிடைக்கும்? ரெண்டு நாள்ல போயிடும்."

அந்த ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. டிஸ்கஸ் காட்டில் பழுப்பு, பச்சை, நீலம் என்ற நிறங்களில் இருக்கிறது. பயந்தாலும் பிள்ளை வளர்த்தாலும் மேனியில் கறுப்புக் கோடும் நிழலும் ஏறும். 1960-களுக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நீலத்தைத் தேர்ந்து தேர்ந்து கலந்து நிறத்தைக் கூட்டினார்கள். ப்ளாரிடாவில் ஜாக் வாட்லி என்பவர் அதில் பேர் போனவர். பிறகு ஹாங்காங்கும் மலேயாவும் தாய்லாந்தும் முந்திக்கொண்டன. 1990-ஐ ஒட்டிப் பாங்காக்கில் கிட்டி என்ற வளர்ப்பாளரின் தொட்டியில், கறுப்புக் கோடே விழாத மீன் தோன்றியது. பிஜியன் பிளட், அதாவது புறாவின் ரத்தம், என்று அதற்குப் பெயர். பயந்தாலும் அதன் மேனி மங்காது. கடைக்கண்ணாடியில் எந்நேரமும் ஒரே ஜொலிப்பு. உலகச் சந்தை அதை அள்ளிக்கொண்டது. அதன் வம்சத்தில் எத்தனையோ நிறங்கள், எத்தனையோ பெயர்கள்.

வாங்குகிறவன் கண்ணுக்கு மங்காமலிருக்க வேண்டும் என்று உண்டாக்கிய அந்த மேனி, பெற்ற பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று! இதைக் கேட்டபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. மீன் பார்வையால் பிள்ளை வளர்க்கிறது என்ற பழம்பேச்சு பாதி உண்மைதான். பார்க்க வேண்டியது தாய் அல்ல, பிள்ளை. பிள்ளை பார்க்கிறபடி தாய் இருக்க வேண்டும்.

மனிதன் இதற்கும் ஒரு வழி செய்யாமல் விடவில்லை. தொட்டியின் சுவருக்கு வெளிர் நிறம் பூசி, ஹீட்டரையும் வடிகட்டியையும் மறைத்து, மீன் ஒன்றுதான் இருளாகத் தெரியும்படி செய்கிறார்கள். இன்னொரு வழியை வாட்லியே காட்டியிருந்தார். முட்டையை முன்போலவே பிரித்து எடுத்து, பொரிந்த குஞ்சுக்குக் கிண்ணத்தின் விளிம்பில் முட்டை மஞ்சள் கருவைத் தடவிக் கொடுத்து வளர்த்தார். முன்னே தாயை அறியாமல் பிரித்தார்கள். இப்போது அறிந்தே பிரிக்க முடிந்தது. இதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. பிள்ளை இல்லாத ஜோடி ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி முட்டையிடும். பிள்ளை வளர்க்கும் ஜோடியோ வாரக்கணக்கில் வேறு சிந்தனையே இல்லாமல் இருக்கும்.

நான் வியாபாரத்தைப் பழிக்க வரவில்லை. இன்குபேட்டர் வந்த பிறகு வெள்ளை லெக்கார்ன் கோழி அடைகாக்கும் குணத்தையே இழந்துவிட்டது. அந்த முட்டையை நாம் எல்லோரும் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. தலைமுறை தலைமுறையாகப் பிரித்தே வளர்த்தால், பிள்ளையைக் கண்டால் இரை என்று விழுங்கும் பெற்றோர்தான் மிஞ்சும் என்று வளர்ப்பவர்களுக்கே கவலை உண்டு. அதனால்தான் அந்த அம்மாளைப் போன்றவர்கள் மண் நிற ஜோடியை விற்காமல் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு மீனின் முட்டையைக் கூம்போடு தூக்கி இதன் தொட்டியில் வைத்தால், இது தன் பிள்ளையாகவே ஏற்றுக் கறுத்து நின்று பால் கொடுக்கும். விலை உயர்ந்த பிள்ளைகளுக்கு விலையில்லாத செவிலித்தாய்! அரண்மனைகளில் நடந்த சங்கதிதான்.

இந்தச் செவிலியின் மதிப்பு என்ன என்று கணக்குப் போட வேண்டிய ராத்திரி ஒன்றும் அந்த வீட்டுக்கு வந்தது. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னைக் கரையில் ஏறி, திருவள்ளூர் மாவட்டத்து மின்கம்பங்களை முறித்துப் போட்டது. பதினோரு தொட்டிக்கும் காற்று நின்றது, சூடு நின்றது. கையில் இருந்தது பாட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றே ஒன்று. ஒரு தொட்டியில் இருபது ஆரஞ்சு மீன்கள், அட்வான்ஸ் வாங்கியாயிற்று, வட்டிக்காரனுக்கு அந்தப் பணம்தான். இன்னொரு தொட்டியில் மண் நிற ஜோடி, நான்கு நாள் குஞ்சுகளோடு.

"அவரு விற்கிற மீனுக்குத்தான் போடணும்னாரு. அவரு சொன்னது நியாயம்தான் அண்ணா. கடன் இருக்கே. நானும் சரின்னுட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

"குஞ்சுகளை?"

"சொம்பால மொண்டு மொண்டு ஊத்துனேன். உசரத்துலேர்ந்து ஊத்துனா காத்து கலக்குமில்ல. விறகடுப்புல வெந்நீர் போட்டு பாட்டில்ல அடைச்சு மிதக்கவிட்டோம். அப்புறம் விளக்கு. இருட்டுன்னா குஞ்சுக்கு அம்மா தெரியாது. மண்ணெண்ணெய் விளக்கைக் கண்ணாடிகிட்ட வச்சிக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன்."

இப்படி எத்தனை நாள் என்று கேட்டேன். நாலு நாள் என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் மாமியாரும் முறை மாற்றிச் சொம்பைப் பிடித்தார்களாம். விற்கிற மீனில் பாதி பிழைத்தது. குஞ்சுகளில் முப்பது பிழைத்தது. வட்டிக்காரனுக்குத் தவணை சொல்லி, ஒரு ஜோடி வளையலை வைத்துக் கடனைச் சமாளித்தார்கள். அந்த முப்பதில் வளர்ந்ததுதான் நான் பார்த்த மண் நிற ஜோடி.

மீன் வளர்ப்புப் புஸ்தகங்களில் டிஸ்கஸின் சரித்திரத்தைப் படித்தால் நிறங்களின் பட்டியலாக இருக்கும். இன்ன வருஷம் இன்ன ஊரில் இன்ன நிறம் உண்டாயிற்று, இன்ன பரிசு பெற்றது என்று போகும். அது பொய் அல்ல. ஆனால் எந்த நிறமும் மூன்று வாரம் ஒரு மேனியைத் தின்றோ, அந்த மேனிக்குப் பதிலாக ஒருவர் மணிக்கொருமுறை தடவிய மஞ்சள் கருவைத் தின்றோதான் சந்தைக்கு வந்திருக்கிறது. பண்டிதர் பல்லை எண்ணினார். வியாபாரி நிறத்தை எண்ணினான். இரண்டு கணக்கிலும் சேராதது அந்த மூன்று வாரம்.

கும்மிடிப்பூண்டி வீட்டில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. என்ன ரகம், எப்போது முட்டையிட்டது, என்ன விலை என்று நண்பர் எழுதி வைத்திருந்தார். மண் நிற ஜோடியின் தொட்டியில் காகிதம் இல்லை. அதற்கு விலை இல்லாததால் எழுதவில்லை என்றார் நண்பர். அந்த அம்மாளோ, "அதை மறந்தாதானே எழுதி வைக்கணும்?" என்றார்.